தீவுகளைத் தேடும் முன் அவற்றின் பெயர்களைத் தேடுங்கள்

கேட்டவர் வேலூரில் முதுகலை வரலாறு படிக்கிறார். இலங்கையின் வடக்குத் தீவுகளும் கரையோர மக்களும் என்பது ஆய்வுப் பொருள், கையில் இருப்பது ஆறு மாதம். இணையத்தில் நெடுந்தீவு என்று தேடினால் குதிரைப் படமும் பயணக் காணொளியும்தான் வருகின்றன, பழைய ஆவணம் ஒன்றும் சிக்கவில்லை என்கிறார். யாழ்ப்பாணம் போகாமல் எவ்வளவு தூரம் செய்ய முடியும் என்பது கேள்வி.

முக்கால்வாசி வேலையை வீட்டில் இருந்தபடியும், காட்பாடியில் ரயில் ஏறி நாலைந்து தடவை சென்னை போய் வந்தும் முடித்துவிடலாம். ஆவணங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் 'நெடுந்தீவு' என்ற சொல்தான் இல்லை. போர்த்துகீசியர் அந்தத் தீவை இல்யா தாஸ் வாக்காஸ், அதாவது பசுத்தீவு என்று எழுதினார்கள். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், தங்கள் நாட்டு நகரத்தின் பெயரைத் தூக்கி டெல்ஃப்ட் என்று வைத்தார்கள். வேலணை அவர்களுக்கு லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு ராட்டர்டாம். தேடுபெட்டியில் இவற்றை மட்டும் போட்டால் ஹாலந்து நகரங்களும் பீங்கான் கடைகளும் வந்து குவியும். கூடவே யாழ்ப்பாணத்துக்கு அவர்கள் எழுதிய ஜாஃப்னபட்னம், ஜாஃபனபட்டம் என்ற வடிவங்களையும் சேர்த்துப் போட வேண்டும்.

ஆகவே முதல் வாரம் எந்தக் கட்டுரையும் படிக்க வேண்டாம். ஒரு நீள நோட்டில் தீவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி ஐந்து பத்தி கோடு போடுங்கள்: இன்றைய பெயர், பழைய தமிழ் வடிவம், போர்த்துகீசியப் பெயர், ஒல்லாந்தப் பெயர், 19ஆம் நூற்றாண்டு மிஷனரிகள் எழுதிய வடிவம். வேலணைத் தீவின் துறைமுகமான ஊர்காவற்றுறையை எடுத்துப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் அது ஊராத்துறை. போர்த்துகீசியர் யானைகளை ஏற்றிய துறை என்பதால் 'யானைகளின் படகுத்துறை' என்று சொல்லப்போய், அதில் துறையைக் குறிக்கும் 'கைஸ்' மட்டும் மிஞ்சி ஆங்கிலத்தில் கேட்ஸ் ஆகிவிட்டது. கிளிநொச்சிக் கரைக்கு எதிரே உள்ள இரணைதீவை ஒல்லாந்தர் மொழிபெயர்த்தே எழுதினார்கள்: 'இரண்டு சகோதரர்'. இது தெரியாதவர் அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டே இரணைதீவைப் பற்றி ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுவார்.

காரைதீவுக்கு வேறு சிக்கல். கிழக்கே அம்பாறைக் கரையில் ஒரு காரைதீவு, புத்தளத்துக் கடலில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று. யாழ்ப்பாணத்தது 1920களில் காரைநகர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எனவே 19ஆம் நூற்றாண்டு ஏட்டில் காரைநகர் வராது. காரைதீவு வந்தால் எந்தக் காரைதீவு என்று பக்கத்து ஊர்ப் பெயரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பொன்னாலை, வட்டுக்கோட்டை அருகில் வந்தால் நம்முடையது. கப்பலுக்கும் இதே கதைதான். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் தமிழ் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அங்கே அதன் பெயர் ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன். அமெரிக்கப் பத்திரிகையில் அன்னபூரணியை மட்டும் தேடினால் வழியிலேயே நின்றுவிடுவீர்கள்.

பெயர்ப் பட்டியல் தயாரான பிறகு எதைப் படிப்பது? வேலூர்க்காரருக்கு ஒரு தனிச் சௌகரியம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவமும் மதப்பணியும் செய்தவர். 1836இல் சென்னைக்கு மாறினார். அவர் பிள்ளைகள் 1853இல் அமைத்ததுதான் ஆற்காடு மிஷன். யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்த அமெரிக்க மிஷனுக்கும் ஆற்காட்டு மிஷனுக்கும் தொடக்கத்தில் தாய்ச் சங்கம் ஒன்றே. பாஸ்டனில் இருந்து அது வெளியிட்ட மிஷனரி ஹெரால்டு என்ற மாத இதழில் இரண்டு இடத்துக் கடிதங்களும் அச்சாகியிருக்கின்றன. பழைய தொகுதிகள் இணைய ஆவணக் களஞ்சியங்களில் இலவசம். தீவுகளுக்குப் படகில் போனது, எந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், காலரா எந்த மாதம் வந்தது, யார் வீட்டுத் திண்ணையில் பேசினார்கள் என்று நாள்வாரியாக இருக்கும். பண்டிதெரிப்போ, பட்டிகோட்டா, தில்லிப்பள்ளி என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். பண்டத்தரிப்பு, வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை என்று உங்கள் ஐந்தாம் பத்தியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதங்களை வாசிக்கும்போது ஒன்று மனதில் இருக்கட்டும். இவை அமெரிக்காவில் நன்கொடை தருகிறவர்கள் படிக்க எழுதியவை. 'இருளில் கிடக்கும் தீவு' என்ற தொனி அதனால்தான். கோயில் திருவிழாவைப் பழித்து எழுதியிருப்பார்கள், ஆனால் தேர் எத்தனை நாள் ஓடியது, எந்தெந்த ஊரார் வந்தார்கள் என்பதை அதே பழிப்புக்குள் சரியாகக் குறித்திருப்பார்கள். பழிப்பை ஒதுக்கிவிட்டுத் தகவலை எடுங்கள்.

கண்டியின் கடைசி அரசன் வேலூர்க் கோட்டையில் இருந்ததையும் பாலாற்றங்கரை முத்துமண்டபத்தையும் முன்னுரையில் சேர்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். அது கண்டி, உங்கள் பொருள் தீவகம், அதாவது யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவுக்கூட்டம்.

ஒல்லாந்த மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். பதவி விட்டுப் போகும் ஒல்லாந்த அதிகாரி, அடுத்து வருகிறவர்களுக்காக நீண்ட குறிப்பு எழுதிவைப்பது வழக்கம். யாழ்ப்பாணத்துத் தளபதி ஹெண்ட்ரிக் ஸ்வார்டெகுரோன் 1697இல் எழுதிய குறிப்பு 1911இல் ஆங்கிலத்தில் வந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தீவுகளின் குதிரை வளர்ப்பு, யானை விற்பனை, சாயவேர், உப்பு, வரி பாக்கி எல்லாம் தலைப்புத் தலைப்பாக இருக்கும். இதை முதலில் படியுங்கள். 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் இருந்த பால்டேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியாரின் நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. அதன் 1703ஆம் ஆண்டு ஆங்கில வடிவத்தில் பிழை மலிந்திருக்கிறது. 1960இல் இலங்கையில் வெளியான மொழிபெயர்ப்பை எடுங்கள். ஒல்லாந்தக் கம்பெனியின் மூல ஏடுகள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக்காப்பகத்தில் 1.04.02 என்ற எண்ணில் உள்ளன, பெரும்பகுதி படமாக்கப்பட்டுவிட்டது. ஆறு மாத ஆய்வேட்டுக்கு அங்கே போய் முங்க வேண்டாம், திரும்பி வர வழி தெரியாது.

சாயவேர் பற்றி ஒரு வார்த்தை. இம்பூறல் என்றும் சொல்வார்கள். வேர்ப்பட்டையில் இருந்து பருத்திக்குச் சிவப்பு ஏற்றும் செடி. தீவுகளிலும் மன்னாரிலும் இதைத் தோண்டுவதை ஒல்லாந்தக் கம்பெனி தன் ஏகபோகமாக வைத்திருந்தது. வாலாஜாபேட்டை சாயத்துணிக்குப் பெயர் போன ஊர் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போட ஆசை வரும். நல்ல கேள்விதான். ஆனால் தீவு வேர் இங்கே வந்ததற்கு ஒரு சரக்குச் சீட்டாவது கையில் இல்லாமல் அந்த வாக்கியத்தை எழுதக் கூடாது.

அடுத்து எழும்பூர். தமிழ்நாடு ஆவணக்காப்பகம் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது. ஈழத்துப் பொருளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். ஆங்கிலேயர் 1795 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் இலங்கைக் கரையோரம் 1798 வரை சென்னையில் இருந்துதான் நிர்வகிக்கப்பட்டது. 1802இல்தான் முழுதாக பிரிட்டிஷ் அரசரின் நேரடிக் குடியேற்ற நாடு ஆனது. ராபர்ட் ஆண்ட்ரூஸ் என்ற சென்னை அதிகாரி, ஆற்காட்டுச் சீமைக்குப் பழக்கமான அமில்தார் முறையை, அதாவது வரி வசூலுக்கு வெளியூர் அதிகாரிகளை அமர்த்தும் முறையை, அப்படியே கொண்டுபோய் அங்கே வைத்தார். தென்னைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி விழுந்தது. 1797இல் கலகம் வெடித்தது. இந்தக் கடிதப் போக்குவரத்தைச் சென்னை அரசின் வருவாய், ராணுவ நடவடிக்கை ஏடுகளில் தேடுங்கள். அட்டவணையில் யாழ்ப்பாணம் என்று பார்க்காமல் சிலோன், ஆண்ட்ரூஸ் என்ற இரண்டு தலைப்பில் பாருங்கள். துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல், பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் அனுமதி வாங்கவும் அட்டவணை பார்க்கவுமே சரியாக இருக்கும். ஏடு கைக்கு வருவது அடுத்த தடவைதான் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. அதே பக்கம் கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பின்னதில் 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாண அச்சு நூல்களைத் தேடிப் பாருங்கள்.

தமிழ் மூலங்களுக்கு 2005 முதல் நடந்துவரும் 'நூலகம்' மின்னூலகம்தான் கதி. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது போன 97,000 நூல்களில் வேறெங்கும் படி இல்லாதவை உண்டு. அந்தக் காயத்தில் இருந்து பிறந்த முயற்சி என்றே சொல்லலாம். உதயதாரகை (1841), இந்து சாதனம் (1889), ஈழகேசரி (1930) ஆகிய பத்திரிகைகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தீவுப் பள்ளிகளின் ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சனசமூக நிலைய வெளியீடு எல்லாம் அதில் உண்டு. கும்பாபிஷேக மலரில் தல வரலாறு என்று முதல் கட்டுரை இருக்கும். அதைத் தள்ளிவிட்டுப் பின்பக்கத்து நன்கொடையாளர் பட்டியலைப் பாருங்கள். யார் எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

இனி ஒரு கல்வெட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெளியிட்ட ஆணை. வரலாற்றாசிரியர் இந்திரபாலா அதைப் பதிப்பித்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். பரதேசி, அதாவது வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. பிறகு உடைந்த கப்பலுக்கு விதி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு என்றால் சரிபாதி. அவசரக்காரர்கள் இதை 'அரசன் உடைந்த கப்பலைக் கொள்ளையடித்தான்' என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு விகிதமும் ஏன் வேறு என்று கேளுங்கள். அரசனுக்கு யானையும் குதிரையும் தேவை, கொண்டுவருகிறவன் நஷ்டத்துக்குப் பயந்து வராமல் போய்விடக் கூடாது, அதனால் அதற்கு மட்டும் சலுகை. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட அரசன் தன் ஆணையைத் தமிழில் வெட்டியதையும் கவனியுங்கள். படிக்க வேண்டியவர்கள் தமிழ் படிக்கிறவர்கள். பக்கத்திலேயே அல்லைப்பிட்டியில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளோடு இதைச் சேர்த்து வைத்தால், ஊராத்துறை வெறும் மீன்பிடித்துறை இல்லை என்பது விளங்கும். மாறாக, மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்பது கருத்து, முடிந்த முடிவு ஆகாது. 'என்று சிலர் கருதுவர்' என்ற மூன்று சொல்லை விட்டுவிட்டால் நேர்காணல் தேர்வில் முதல் அடி அங்கேதான் விழும்.

இப்போது சொற்கள். தமிழ்தானே, நமக்குத் தெரியாததா என்று நினைப்பதுதான் பெரிய பள்ளம். மேலே சொன்ன கல்வெட்டு கல்லில் வெட்டியது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒருவர் 'அப்புவின் கல்வெட்டு வீட்டில் இருக்கிறது' என்றால் அது இறந்தவர் நினைவாக 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் சிறு நூல். வாழ்க்கைக் குறிப்பு, வம்சம், இரங்கல் பாட்டு எல்லாம் இருக்கும். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் மணியக்காரர் என்றால் ஊருக்கு ஒருவர். அங்கே மணியகாரர் ஒரு முழுப் பிரிவுக்கே தலைவர், அவருக்குக் கீழே உடையார், அதற்குக் கீழே விதானையார். நாம் பத்திரம் என்பதை அவர்கள் உறுதி என்பார்கள். சீதன உறுதி என்றால் பெண்ணுக்குச் சீதனமாக நிலம் எழுதிக் கொடுத்த பத்திரம். தோம்பு என்பது போர்த்துகீசியர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த நில, குடிப் பதிவேடு. கந்தோர் என்றால் அலுவலகம், ஒல்லாந்தச் சொல். பரவைக்கடல் என்பது ஆழமில்லாத உட்கடல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் திருநெல்வேலி. நூலகத்துக்குக் கடிதம் எழுதும்போது யாழ்ப்பாணம் என்று சேர்க்காவிட்டால் அது தாமிரபரணிக் கரைக்குப் போய்விடும்.

அளவையில் இன்னும் கவனம் தேவை. 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு 2,722.5 சதுர அடி, நம் கணக்கில் 6.25 சென்ட். உறுதியில் நாலு பரப்பு என்றால் 25 சென்ட். நம் காணி 1.32 ஏக்கர், அதோடு குழப்பிக்கொண்டால் ஒரு ஏழைக் குடும்பம் உங்கள் ஆய்வேட்டில் பண்ணையார் ஆகிவிடும். பழைய ஏட்டில் லாச்சம் வரும். அது நெல் நிலத்துக்கு ஓர் அளவு, வரகு நிலத்துக்கு வேறு அளவு. எந்த லாச்சம் என்று குறிப்பிடாத இடத்தில் ஏக்கராக மாற்றாமல் அப்படியே விடுங்கள்.

மக்களிடம் பேசுவதற்கு வருவோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பேச மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக எழுத்து அனுமதி வாங்க வேண்டும். முகாமில் இருப்பவர் எல்லோரும் தீவகத்தார் என்று எண்ண வேண்டாம். மன்னார், வவுனியா, திருகோணமலை என்று பல ஊர்க்காரர்கள் இருப்பார்கள். எந்த ஊர் என்பதை முதலில் கேட்டு, பொருந்தாதவரைச் சிரமப்படுத்தாமல் வந்துவிடுங்கள். பெரியவர்களை ஐயா, அம்மா என்றே அழையுங்கள். அவர்கள் உங்களைத் தம்பி, தங்கச்சி, பிள்ளை என்பார்கள்.

சாதியை நேராகக் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கோயில் திருவிழாவில் உங்கள் உபயம் எத்தனையாம் நாள் என்று கேளுங்கள், ஊரின் அடுக்கு முழுதும் தானாக வரும். தொழிலைக் கேட்பதாக இருந்தால் வலையில் இருந்து தொடங்குங்கள். கரைவலை என்றால் அதற்குச் சம்மாட்டி (வலைக்குச் சொந்தக்காரர்) ஒருவர், இழுக்கும் ஆட்கள், பங்குப் பிரிவு, வலை விடும் உரிமையுள்ள இடமான பாடு எல்லாம் உண்டு. திறந்த மணற்கரைதான் அதற்குத் தோது. தீவைச் சுற்றிய பரவைக்கடலில் கம்பு நட்டு வலை கட்டி மீனை உள்ளே வரவைக்கும் களங்கட்டிதான் அதிகம். இடத்துக்கு உரிமை யாருக்கு, வருஷா வருஷம் எப்படிப் பிரித்தார்கள் என்ற கேள்வியில்தான் சமூக வரலாறு இருக்கிறது. நோட்டைக் கொடுத்து வலையை வரையச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாதவரும் வரைவார்.

ஆண்டு கேட்டால் தப்பாகத்தான் வரும். காற்றைக் கேளுங்கள்: தெற்கே இருந்து வரும் சோளகமா, வடக்கே இருந்து வரும் வாடையா, மேற்கே இருந்து வரும் கச்சானா? மாதம் கிடைத்துவிடும். ஆண்டுக்கு 1964 டிசம்பர் புயலுக்கு முன்னா பின்னா, நூலகம் எரிந்த ஆண்டுக்கு முன்னா, 1990களின் தொடக்கத்தில் தீவு காலியானதற்கு முன்னா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி பலருக்குப் புண். அந்த இடத்தில் அவர் நிறுத்தினால் நீங்களும் பதிவை நிறுத்துங்கள்.

பேச்சைப் பதிவு செய்யக் கைப்பேசியே போதும், விமான முறையில் வைத்து, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தட சுருக்காத கோப்பாக. ஒரு மணிக்குச் சுமார் 346 எம்.பி. ஆகும். கரையில் பேசினால் காற்று ஒலிவாங்கியில் மோதிப் பேச்சையே விழுங்கிவிடும். சுவரின் மறைவில் உட்கார்ந்து, போனின் வாய்ப்பகுதியில் மெல்லிய பருத்தித் துணி ஒரு மடிப்பு போடுங்கள். அன்றிரவே எழுதத் தொடங்குங்கள், யாழ்ப்பாணப் பேச்சுக்குப் பழகாத காதுக்கு ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு நாள் பிடிக்கும். உறுதி, தோம்புப் படி காட்டினால் படம் எடுக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள். காணி வழக்கு நடக்கிற வீடாக இருக்கலாம்.

போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023இல் தொடங்கியது, பருவமழையில் நிற்கும். சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறை, அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. திரும்பும் படகு நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

தலைப்பைக் குறுக்குங்கள். 'வடக்குத் தீவுகளின் வரலாறும் பண்பாடும்' என்பது இருபது ஆண்டு வேலை. ஒரு தீவு, ஒரு வகை ஆவணம், ஐம்பது ஆண்டு, அது போதும். ஊர்காவற்றுறையை மிஷனரி ஹெரால்டு கடிதங்களில் மட்டும் தொடர்வது ஒரு வழி. 1796–98 சென்னை ஏடுகளில் தீவுகள் என்பது இன்னொன்று, ஆனால் தகவல் மெலிந்து போகும் ஆபத்து உண்டு. பணமும் பயணமும் குறைவாக இருக்கும் உங்களுக்கு நான் சொல்வது புங்குடுதீவு. அங்கிருந்து கொழும்புக்குக் கடை வைக்கப் போனவர்கள் ஏராளம். நூலகம் தளத்தில் அந்த ஊர் நினைவு மலர்களில், அதாவது அந்த மற்றக் 'கல்வெட்டு'களில், ஒரு நூறு எடுங்கள். பிறந்த ஆண்டு, பிறந்த குறிச்சி (ஊரின் உட்பகுதி), மணம் செய்த ஊர், தொழில் செய்த ஊர், பிள்ளைகள் இருக்கும் நாடு என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்புங்கள். வசதி இருந்த குடும்பம்தான் நூல் அச்சடித்திருக்கும் என்ற ஓரவஞ்சனையை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். நாளுக்கு ஐந்து வீதம் இருபது நாளில் நூறும் முடியும். மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும், ஆறாவது கட்டமாக அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.